இன்றைக்கு யார் பாடு?

தோணிரேவுப் பிள்ளைகளைப் போல அழுத்தக்காரப் பிள்ளைகளை ஞானதாஸ் வாத்தியார் எங்கும் பார்த்ததில்லை. பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. கோட்டைப் பாதிரியார் ஏரிக்கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, நாகப்பட்டினத்திலிருந்து ஞானதாஸை வரவழைத்து, மீனவப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடு என்று உட்கார வைத்திருந்தார். பிள்ளைகளும் ஒழுங்காகத்தான் வந்தார்கள். மணலில் விரல் தேய எழுதினார்கள். கேள்வி கேட்டால்தான் வம்பு.

தேசப்பன் மகள் குப்பம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் கேட்டதையெல்லாம் கடகடவென்று வாசித்தாள். வாத்தியாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாள் அதே ஓலையை நீட்டினால், கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சின்னதம்பி என்ற பையன் மட்டும் வாசித்தான். அதற்கு மறுநாள் சின்னதம்பிக்கும் வாய் ஒட்டிக்கொண்டது.

நேற்றுத் தெரிந்தது இன்று எங்கே போகும்? வாத்தியார் பிரம்பை எடுத்தார். அவருக்குத் தெரிந்த வாத்தியார்கள் எல்லோரும் பிரம்பை நம்பியே காலம் தள்ளியவர்கள். பிள்ளைகள் அழவில்லை, முறைக்கவும் இல்லை. வரவேண்டியது வந்தது என்பது போலக் கையை நீட்டினார்கள். அதுதான் அவரைக் குடைந்தது. கோபமெல்லாம் வடிந்து, இது என்ன சங்கதி என்ற ஆவல் பிடித்துக்கொண்டது. மனிதர் பிரம்பைக் கூரையில் செருகிவிட்டுக் கவனிக்க ஆரம்பித்தார்.

அவர் பிழைப்பும் இதில்தான் இருந்தது. பாதிரியார் வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிகளைப் பார்வையிட வருவார். போன வருஷம் பக்கத்துக் குப்பத்தில் பிள்ளைகள் வாய் திறக்கவில்லை என்று பள்ளியை மூடிவிட்டார். கீற்றைக்கூடப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். வருகிற வெள்ளிக்கிழமை அவர் தோணிரேவுக்கு வருகிறார்.

ஒருநாள் சாயங்காலம் வாத்தியார் கரையோரம் நடந்துபோனார். கவிழ்த்துப் போட்ட படகுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். காலையில் கொட்டகையில் எல்லம்மா என்ற பெண்ணைத் தவிர யாருக்கும் வராத பாடம் அங்கே எல்லார் வாயிலும் துள்ளியது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்ந்தார். ஞானதாஸ் குப்பம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் காலையில ஊமையா நின்னியா?"

"இன்னிக்கு எல்லம்மா பாடு ஐயா. நான் எப்டி சொல்றது?"

"பாடுன்னா?"

இதுகூடத் தெரியாதா என்று அந்தப் பெண் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஏரில மீனு சில எடத்துலதான் கூடும். எல்லாரும் ஒண்ணா வலைய எறக்கினா அடிதடிதான். அதான் சீட்டுப் போட்டு, இன்னா நாளு யாரு வலைனு முறை வெச்சிக்குவாங்க. அதான் பாடு. நீங்க கேக்கறதுக்கெல்லாம் மொதல்ல நானே சொல்லிட்டேன். என்னியே மெச்சினீங்க, முன்னால குந்த வெச்சீங்க. மத்ததுங்க பேந்தப் பேந்த முழிச்சுதுங்க. நல்லாவா கீது? அதான் கிளிஞ்சல்ல சீட்டுப் போட்டுக்கினோம்."

"அப்போ அடி வாங்கினது?"

"பாடு இல்லாத நாள்ல வீட்ல பட்டினி கெடக்கறதில்லியா? அதுமாரிதான்."

வாத்தியாருக்கு வெட்கமாகிவிட்டது. கெட்டிக்காரனை முன்னால் வைத்து மந்தனைப் பின்னால் தள்ளுவதுதான் பள்ளிக்கூடம் என்று நினைத்தே இத்தனை வருஷம் ஓட்டியிருந்தார். ஆனாலும் வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை யார் பாடு?"

"முனியன்."

அவர் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். முனியனுக்கு இன்னும் பாதி எழுத்துகள் பிடிபடவில்லை. பிடிபட்டதையும் வாய்க்குக் கொண்டுவர அவனுக்கு நேரம் வேண்டும்.

"அன்னிக்கு ஒருநாள் மட்டும் நீ சொல்லேன். பள்ளிக்கூடமே போயிடும் குப்பம்மா."

"அடுத்தவங்க பாடு நாள்ல எங்க நைனா வலைய எறக்கினா வலைய அறுத்துடுவாங்க ஐயா" என்றாள் அவள். அவ்வளவுதான். இறாலுக்குத் திரும்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஞானதாஸ் கூரையிலிருந்த பிரம்பைப் பார்த்தார். அதை எடுத்தால் குப்பம்மா வாய் திறந்தாலும் திறப்பாள். எடுக்க மனம் வரவில்லை.

பாதிரியார் படகிலிருந்து இறங்கி வந்தார். நெட்டையான மனிதர், கொட்டகைக்குள் குனிந்துதான் நின்றார். கூடவே துபாஷி சாலமன். பாதிரியார் பழைய ஓலைகளைத் தொடவேயில்லை. மனப்பாடம் கேட்க நான் வரவில்லை என்று சாலமன் மூலம் சொல்லிவிட்டு, தான் கொண்டுவந்த புது ஓலையை நீட்டினார்.

முனியன் எழுந்தான். ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மொத வரி வரல" என்றான்.

பாதிரியார் குப்பம்மாவைக் காட்டினார். அவள் கூரையைப் பார்த்தாள். எல்லம்மா தன் கால்விரலைப் பார்த்தாள். சின்னதம்பி ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டான். பாதிரியார் முகம் இறுகியது. அவர் என்னவோ சொல்ல, சாலமன் தயக்கத்தோடு மொழிபெயர்த்தார். "ஒருத்தருக்கும் தெரியலையா? அப்படின்னா இந்தக் கொட்டகை எதுக்குன்னு கேக்கறார்."

ஞானதாஸ் வாயைத் திறந்தார். சட்டென்று ஒன்று தோன்றி மூடிக்கொண்டார்.

"முனியா, இன்னிக்கு உன் பாடு. நான் பேசலாமா?"

கொட்டகை முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. குப்பம்மா கூரையைக்கூட மறந்துவிட்டாள். முனியன் யோசித்தான். பேசலாம் என்று தலையாட்டினான்.

வாத்தியார் எல்லாவற்றையும் சொன்னார், தான் அடித்ததையும் சேர்த்து. சாலமன் சொல்லச் சொல்லப் பாதிரியார் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே ஏதோ கேட்டார். சீட்டு எதில் போட்டார்கள், கிளிஞ்சல் எது, யாராவது ஏமாற்றினால் என்ன செய்வார்கள் என்று. பள்ளியை மூட வந்த மனிதர் மாதிரியே இல்லை. கடைசியில் மணலில் மண்டியிட்டு, முனியன் முகத்துக்கு நேராகத் தன் ஓட்டைத் தமிழில் அவரே கேட்டார்.

"மற்றப் பிள்ளைகள் வாசிக்கலாமா?"

முனியன் உடனே விட்டுக்கொடுத்துவிடவில்லை. இன்றைய பாடு அவனுடையது அல்லவா. ஓலையை மேலிருந்து கீழ்வரை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டான்.

"எல்லாரும் எறங்கட்டும். கடைசி வரி என்னுது. அது சின்னதா கீது."

ஓலையைச் சுற்றித் தலைகள் மொய்த்தன. இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பியது. குப்பம்மா குரல் எது, சின்னதம்பி குரல் எது என்று பிரிக்க முடியவில்லை. எவருக்கும் முன்பின் தெரியாத ஓலை அது. ஏரி வற்றியதும் கொக்குகள் பறந்துபோனதும் எழுதியிருந்தது. இடறின இடத்தில் ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டு வாசித்துக்கொண்டே போனார்கள். கடைசி வரிக்கு முன்னால் அத்தனை வாயும் ஒன்றாக நின்றது.

முனியன் விரலை வைத்தான்.

"ம" என்றான். அப்புறம் ஒன்றும் வரவில்லை.

ஞானதாஸின் வாய் தானாகவே அடுத்த எழுத்துக்குக் குவிந்தது. பிள்ளை தடுமாறினால் எடுத்துக்கொடுத்தே பழகிய வாய். பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டார். குப்பம்மாவுக்குத் தெரியும், எல்லம்மாவுக்குத் தெரியும், சாலமனுக்கும் தெரியும். யாரும் மூச்சுவிடவில்லை. பாதிரியார் முழங்காலை மணலிலிருந்து எடுக்கவில்லை.

"மழை" என்றான் முனியன். விரல் நகர்ந்தது. "மழை... வந்தது."

பாதிரியார் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். அடுத்த வருஷம் எந்தக் கிழமை வந்தால் உங்களுக்குத் தோது என்று சாலமன் மூலம் கேட்டார். ஞானதாஸ் வாத்தியார் பதிலுக்காக முனியனைப் பார்த்தார்.