எடுத்துக் கொடுத்த பாட்டில்

அந்த வீட்டில் அவளுக்குப் 'புரொபசர்' என்று பெயர். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற அப்பா வைத்த பெயர். பத்தாம் வகுப்புக்குப் போனதிலிருந்து அவள் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவியதில்லை. "புரொபசர் படிக்குது, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்று அப்பாவே எழுந்து கழுவிவிடுவார்.

அறிவியல் தேர்வுக்கு இன்னும் ஐந்து நாள். அன்று விடுமுறை. அப்பா மட்டும் அவசர வேலை என்று போயிருந்தார். காலையிலேயே ஓம் விதி, ஒளிவிலகல், லென்ஸ் சூத்திரம் எல்லாவற்றையும் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, பத்து மணிக்கு வேதியியலை எடுத்தாள். அவளுக்கு உட்கார்ந்து படித்தால் மண்டையில் ஏறாது. கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி, ஊருக்கே கேட்கிற மாதிரி ஒப்பிக்க வேண்டும்.

"சலவைத்தூள், அதாவது பிளீச்சிங் பவுடர், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு வினைபுரிந்து, கால்சியம் குளோரைடு, நீர், குளோரின் வாயு..."

அம்மா குளியலறையில் இருந்தாள். வாரத்தில் ஆறு நாள் ஒரு நாலு மாடி ஆபீஸைக் கூட்டித் துடைக்கிறவள், ஏழாவது நாள் சொந்த வீட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், பிளீச்சிங் பவுடர் கொட்டி ஊற வச்சும் இந்தக் கறை அசைய மாட்டேங்குது. சிங்க்குக்குக் கீழ டாய்லெட் கழுவுற ஆசிட் பாட்டில் இருக்கும், எடுத்துக் குடுடி."

புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே குனிந்து பாட்டிலை எடுத்தாள். கையை மட்டும் உள்ளே நீட்டிக் கொடுத்தாள். பிரஷ் தேய்க்கிற சத்தம் படிக்க இடைஞ்சலாக இருந்ததால், காலாலேயே கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

"குளோரின், பசுமஞ்சள் நிற வாயு. மூச்சைத் திணறடிக்கும் நெடி உடையது."

இருமல் கேட்டது. தூசி ஆகாத அம்மாவுக்கு இருமல் புதிதில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். இருமல் நிற்கவில்லை. வாளி உருண்டது. கதவைத் திறந்தபோதுதான் அந்த நெடி முகத்தில் அறைந்தது. அம்மா சுவரைப் பிடித்தபடி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். என்ன நெடி இது என்று யோசிக்கவே அவளுக்குச் சில நொடிகள் பிடித்தன. இத்தனைக்கும் அதைத்தான் பத்து மணியிலிருந்து ஏழு தடவை ஒப்பித்திருந்தாள்.

அம்மாவை வெளியே இழுத்து வந்தாள். எதிர்வீட்டுத் தையல்காரர் சத்தம் கேட்டு ஓடிவந்து, தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

மருந்துப் புகையும் ஆக்சிஜனும் வைத்து, அம்மாவின் மூச்சு ஒருவழியாகச் சீரானது. அதன்பிறகு டாக்டர் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, ரெண்டையும் கலக்கலாமா? பாட்டில்லயே போட்டிருக்குமே, படிக்க மாட்டீங்களா?"

அம்மா முகமூடிக்குள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரின் பார்வை மகளிடம் போனது. பதற்றத்தில் அவள் புத்தகத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். "பத்தாவதா? பாருங்கம்மா, இவங்க பாடத்துலயே இருக்கு. பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

ஆமாம் என்பதுபோல அம்மா தலையாட்டினாள். மகள் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பாட்டிலை எடுத்துக் கொடுத்தது நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி வந்தது, போயும் போய்விட்டது. டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

சாயங்காலம் அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா விழுந்தடித்துக்கொண்டு வந்தார். பயமெல்லாம் கோபமாக வெளியே வந்தது. "உனக்கு அறிவிருக்கா? தினமும் இதே வேலைதானே பாக்குற?"

"அம்மாவைத் திட்டாதீங்கப்பா" என்றாள் அவள். "நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"கேட்டேன், குடுத்தா. அதுக்கென்ன?" என்றாள் அம்மா, கம்மிய தொண்டையோடு.

"இல்லம்மா. எனக்குத் தெரியும். அப்ப அதைத்தான் வாய்விட்டுப் படிச்சுட்டிருந்தேன். பவுடர் போட்டேன்னு நீ சொன்னதும் காதுல விழுந்துச்சு. ஆஸ்பத்திரியிலயும் நான் வாயத் திறக்கல."

அப்பா ஜன்னலோரம் போய் நின்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அம்மா அவளை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. யாரோ வெளியாளைப் பார்ப்பதுபோல் இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது.

"நானும் கேட்டுட்டுதான்டி இருந்தேன். என்னமா ஒப்பிக்குதுன்னு பெருமையா இருந்துச்சு."

அம்மா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பேசினாள். "எங்க ஆபீஸ்லயும் ரெண்டு பேர் இப்படித்தான் கலக்குறாங்க. அங்க ஜன்னல் பெருசு, அதான் தப்பிச்சுட்டு இருக்காங்க. நீ வந்து சொல்லு. நான் சொன்னா எடுபடாது."

அம்மா வேலை செய்கிற இடத்துக்கு அவள் அதுவரை போனதேயில்லை. தோழிகள் கேட்டால் 'ஆபீஸ்ல வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அம்மா போனில் சொல்லிவைத்திருக்க, மறுநாள் மத்தியானம் போனாள். மாடிப்படிக்கு அடியில் துடைப்பங்கள் சாத்திய சின்ன அறையில் மூன்று பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "வாம்மா, நல்லாப் படிக்கிற பொண்ணாமே!" என்று ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள்.

அவள் உட்காரவில்லை. மனப்பாடமாக இருந்த வரிகளில் ஒன்றுகூட வரவில்லை. முகம் சுட்டது.

"அக்கா, பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தா விஷப்புகை வரும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எங்கம்மா கையில எடுத்துக் குடுத்தேன்" என்று தொடங்கினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன.