சந்தனம் பட்ட பொத்தான்கள்

ஜவஹர் அலியின் கடையில் பீரோக்கள் வாசல்வரை நின்றன. பங்கஜவல்லி இடுக்கில் நுழைந்து உள்ளே போனாள். அவள் கணவர் தெட்சிணாமூர்த்தி பின்னால் வந்தார்.

“என்ன வைக்கணும்க்கா? நகையா, பத்திரமா?”

“துப்பாக்கி” என்றாள்.

ஜவஹர் அலி தெட்சிணாமூர்த்தியைப் பார்த்தார். “பேங்க் வாசல்ல இருப்பீங்களே அண்ணே. இப்ப வேற யாரோ நிக்கிறாங்க.”

“லீவு.”

ஆடியில் தொடங்கிய லீவு. ஒரு மத்தியானம் வயலிலிருந்து திரும்பிய பங்கஜவல்லி, கொல்லையில் மோட்டார் கொட்டகை ஓரம் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மடியில் துப்பாக்கி. துடைக்கும் எண்ணெயும் துணியும் பக்கத்தில் இல்லை.

“என்னங்க பண்றீங்க?”

“தெரியல வல்லி.”

டாக்டர் மாத்திரை எழுதினார். சில மாதம் வேலை வேண்டாம் என்றார். துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது, ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுங்கள் என்றார். முதல் இரண்டுக்கும் தெட்சிணாமூர்த்தி ஒப்புக்கொண்டார். மூன்றாவதற்கு மாட்டேன் என்றார். ராணுவத்திலிருந்து வந்தபோது வாங்கிய துப்பாக்கி. சொந்தத் துப்பாக்கி உள்ளவனுக்குத்தான் அந்தக் காவல் வேலை. லைசென்ஸை விட்டால் இந்த வயதில் இன்னொன்று கிடைக்காது.

அவள் பேசிப் பார்த்தாள். அழுது பார்த்தாள். கடைசியில், “இருக்கட்டும். ஆனா தொறக்குறது நான்தான்” என்றாள். அவர் தலையாட்டினார். மறுத்துப் பேசத் தெம்பில்லை. அன்றிலிருந்து துப்பாக்கி இருந்த அறையின் கதவை அடைத்தபடி பாயைப் போட்டு அவள் படுத்தாள். படுத்தாளே தவிர, தூங்கவில்லை.

“இது குட்டை. இதுல நிக்காது” என்று ஜவஹர் அலி ஒரு பெட்டியைத் தள்ளிவிட்டு, கோணியைப் போர்த்தியிருந்த உயரமான பெட்டியைக் காட்டினார். “துப்பாக்கிக்குன்னே செஞ்சது. விரலை வச்சாத் தொறக்கும். வைங்கக்கா.”

வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. புடவையில் துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. நாற்றும் களையும் பிடுங்கிப் பிடுங்கி ரேகை தேய்ந்த விரல்.

“ஆதார் எடுக்கப் போனப்பவும் இதே கூத்துதான்” என்றாள்.

“நீங்க வைங்கண்ணே.”

தெட்சிணாமூர்த்தி கட்டைவிரலை வைத்தார். உடனே பச்சை.

“பாத்தீங்களா! அண்ணன் விரல்னா பட்டுனு புடிக்குது. அவரோடதையே பதிஞ்சுடுவோம்.”

“அவரு விரல் வேண்டாம்.”

அவள் குரலில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். தெட்சிணாமூர்த்தி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“நம்பர் போடுறது இருக்கா?” என்றாள். “அவருக்குத் தெரியக் கூடாது.”

ஜவஹர் அலி சிரித்தார். “புருஷனுக்குத் தெரியாம லாக்கர் வேணும்னு நெறைய பேரு வருவாங்க. புருஷனையே கூட்டிக்கிட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்.”

தெட்சிணாமூர்த்தியும் சிரித்தார். பங்கஜவல்லி சிரிக்கவில்லை. ஜவஹர் அலி இரண்டு முகங்களையும் பார்த்தார். பிறகு கிண்டல் செய்யவில்லை.

நம்பர் பொத்தான்கள் வைத்த இன்னொரு உயரமான பெட்டியைத் திறந்து காட்டினார். கடல் காற்றில் மலிவுப் பூட்டெல்லாம் உள்ளே பச்சை பூத்துப் போகும் என்றார். இதில் ஈரம் புகாதபடி ரப்பர் வைத்து மூடியிருக்கிறது. கரண்ட் போனாலும் பேட்டரியில் திறக்கும். பேட்டரியை வெளியிலிருந்தே மாற்றலாம். தப்பு நம்பரை விடாமல் போட்டால் கொஞ்ச நேரம் எதற்கும் திறக்காமல் கல்லாகிவிடும்.

“அவசரத்துக்குச் சாவி ஒண்ணு. அதை வேற வீட்ல வைங்க.”

“திருநள்ளாத்துல தங்கச்சி இருக்கா.”

“நம்பரை எப்ப வேணாலும் மாத்தலாம். நாலு இலக்கத்துலேருந்து எட்டு இலக்கம் வரைக்கும் போடலாம். புள்ளைங்க பொறந்த நாளை மட்டும் வைக்காதீங்கக்கா. எல்லாரும் அதைத்தான் வைக்கிறாங்க.”

“சரிங்க” என்றாள்.

பெட்டி குரும்பகரத்தில் அவர்கள் வீட்டுக்கு வந்தது. அறைச் சுவரில் துளை போட்டு முடுக்கினார்கள். துப்பாக்கியும் தோட்டாக்களும் உள்ளே போயின. பங்கஜவல்லி தன் பாயைக் கூடத்துக்கு மாற்றினாள்.

ஆயுத பூஜை வந்தது. காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். அரிவாள்மனை, மண்வெட்டி, மோட்டார், மிக்ஸி, அவருடைய பைக். துப்பாக்கியை விட்டுவிட மனம் வரவில்லை. வருஷா வருஷம் வைப்பது. சந்தனக் கிண்ணத்தோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெட்டிக்கு ஒரு பொட்டு. திறந்து துப்பாக்கிக்கு ஒரு பொட்டு. பூட்டிவிட்டு வந்து, பக்கத்து வீடுகளுக்குப் பொரியும் சுண்டலும் எடுத்துப் போனாள்.

தெட்சிணாமூர்த்தி விபூதி எடுக்க அந்த அறைக்குள் போனார்.

பொத்தான்களில் நான்கில் மட்டும் சந்தனம் ஒட்டியிருந்தது. பூஜ்யம், இரண்டு, நான்கு, ஏழு.

அவற்றை அடுக்க அவருக்கு யோசனையே வேண்டியிருக்கவில்லை. மகள் தேவிகா பிறந்தது ஜூலை இருபத்து நான்கு.

வீட்டில் யாரும் இல்லை. இரண்டில் விரலை வைத்தார். அழுத்தவில்லை. சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. விரலோடு வந்தது.

தெரியாமல் இருந்த நாட்களில் ஒரு நிம்மதி இருந்தது. அது போய்விட்டது. மறுபடி ஒவ்வொரு நாளும் இதைத் தெரிந்துகொண்டே எழ வேண்டும், தெரிந்துகொண்டே படுக்க வேண்டும். அதை நினைத்ததும் உடம்பு கனத்தது.

வெளியே வந்தார். செருப்பைப் போடாமல் தெருவில் இறங்கி நின்றார். வெயில் சுட்டது. அவள் காலித் தட்டோடு வரும்வரை அவர் வீட்டுக்குள் போகவில்லை.

“என்னங்க வெயில்ல?”

“பொத்தானைப் போய்ப் பாரு.”

அவர் விரலில் சந்தனத்தைப் பார்த்தாள். தட்டைப் படியில் வைத்துவிட்டு ஓடினாள். அவர் மெதுவாகப் பின்னால் போனார்.

“தொறந்தீங்களா?”

“இல்ல. நம்பரை மாத்திடு. தேவிகா வேண்டாம்.”

முந்தானையால் பொத்தான்களைத் துடைத்தாள். தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். “அந்தக் கடைக்கார பாய் படிச்சுப் படிச்சு சொன்னாரு. எனக்கு வேற எந்த நம்பரும் ஞாபகத்துல நிக்காதுங்க.”

சந்தனம் பட்ட முந்தானையைப் பிடித்தபடி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஸ்டேஷன்ல குடுத்துடலாமாங்க?”

“அதை இன்னைக்குக் கேக்காத. நாளைக்குக் கேளு.”

நாளைக்கு என்று அவர் இதுவரை சொன்னதில்லை. அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

“திரும்பிக்குங்க.”

சுவரைப் பார்த்துத் திரும்பினார். பொத்தான்கள் ஒலித்தன. இந்த முறை நான்கோடு நிற்கவில்லை. அவர் எண்ணவில்லை.

“பெரிய நம்பராப் போட்டுட்டேன்” என்றாள். “நானே மறந்துட்டா?”

“மற” என்றார் சுவரைப் பார்த்தபடியே.