இரண்டாவது வால்

வால்வெள்ளியில் நான் பார்த்தது இரண்டு வால். வானம் பார்ப்போர் சங்கக் கூட்டத்தில் என் வாய் மூன்று என்றது. நாற்பது வருடம் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்தவன் நான். ஒரு ஃபிரிட்ஜுக்குள் பனிக்கரடி தூங்கியதாகச் சத்தியம் செய்திருக்கிறேன். ஆனால் அந்த வால்வெள்ளியில் மற்ற எல்லோருக்கும் ஒரே வால்தான் தெரிந்தது.

"படம் கொண்டாங்க சார். இல்லைன்னா குறிப்பேட்டுல உங்க வரியை அடிச்சிடுவேன். அடிக்கிறது இது நாலாவது தடவை," என்றார் செயலாளர்.

மூன்று முறை அடித்தது நியாயம். இந்த முறை இரண்டாவது வால் நிஜம்.

வால்வெள்ளி தெரிய இன்றுதான் கடைசி மாலை. நன்றாக இருட்டியபின் இருபது நிமிடம் மேற்கே தெரியும். அடுத்த முறை வர ஆறாயிரம் வருடம். அதுவரை நான் தாங்க மாட்டேன் என்று டாக்டரே கைவிரித்துவிட்டார்.

சிக்கல் என் கேமரா. சூடேறினால் படம் முழுக்க அம்மை போட்டதுபோல் புள்ளிகள். மெல்லிய வால் அதில் காணாமல் போகும். அதனால் அதற்கு ஒரு குளிர்பெட்டி கட்டினேன். பழைய வாட்டர் டிஸ்பென்சரிலிருந்து கழற்றிய தகடு: மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் சில்லென்றாகும், மறுபக்கம் கொதிக்கும். கொதிக்கும் பக்கத்தில் கம்ப்யூட்டர் விசிறி. காற்றுப் புகாதபடி சமையலறை மேசையில் வைத்தே ஒட்டி மூடினேன்.

மொட்டை மாடியில் முதல் படம் எடுத்தேன். வெறும் வெள்ளை. கேமராவின் கண்ணாடியில் உறைபனி.

பதினாலு நிமிடம் மிச்சம்.

"மூடும்போது அடுப்புல என்ன இருந்துச்சு?" என்றாள் மனைவி.

"உருளைக்கிழங்கு வெந்துட்டிருந்தது."

"ஊரெல்லாம் போய், சூடான சாப்பாட்டை ஆவி அடங்காம ஃபிரிட்ஜுக்குள்ள வைக்காதீங்கன்னு திட்டினவரு. ஆவியையே பிடிச்சு உள்ள வச்சிருக்கீங்க."

பெட்டியைக் கிழித்தேன். அவள் தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து ஊதினாள். பிறகு எங்கள் மாத்திரை டப்பாக்களில் வந்த, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மடியிலிருந்து கொட்டினாள், வருடக்கணக்கில் சேர்த்தவை.

"இதை எதுக்கு வச்சிருக்கேன்னு கேலி பண்ணுவீங்களே."

"ஏம்மா, இப்பவா?"

திணித்து மூடினேன். மறுபடி குளிர ஐந்து நிமிடம். வால்வெள்ளி எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டுவிட்டது. ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம். அது பதிவாக எடுத்த ஒரு நிமிடத்தில் என் மிச்சத் தலைமுடியும் நரைத்தது.

திரையில் வானம் கறுப்பாக, புள்ளியின்றி வந்தது. தடித்த வால் ஒன்று. பக்கத்தில் நூல்போல இன்னொன்று.

செயலாளருக்கு அனுப்பினேன். உடனே ஃபோன் வந்தது.

"சார், ரெண்டாவது வால் இருக்கு. மன்னிச்சிடுங்க." அடுத்த மூச்சில் கேட்டார்: "மூணாவது எங்க?"

மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டி மறைத்திருக்கிறது என்று சொல்ல நாக்கு துடித்தது.

"ரெண்டுன்னு எழுதிக்கங்க," என்றேன். "நான் பார்த்ததும் அவ்வளவுதான்."

"சார், உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றார் செயலாளர்.