மெட்டுக்குப் போட்ட பேர்கள்

செஞ்சியில் அடைக்கலராஜைத் தெரியாதவர் கிடையாது, வாடகை சைக்கிள் கடைக்காரனாக. டீக்கடை ரேடியோவில் ஊரே வாயைப் பிளந்துகொண்டு கேட்ட சினிமாப் பாட்டுகளில் பல அவன் எழுதியவை என்பது அவன் பெண்டாட்டி ராயம்மாளுக்கும், பட்டணத்துக் கம்பெனியிலிருந்து வந்துபோகும் தனகோட்டிக்கும்தான் தெரியும். பாட்டுப் புத்தகத்தில் ஒரு பெரிய கவிஞரின் பேர் இருக்கும். கோட்டையில் படம் பிடிக்க வந்த சமயம், மாதா கோயிலில் ஏசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கா நாடகத்துக்கு அடைக்கலராஜ் கட்டிய பாட்டைக் கேட்டுவிட்டு, "நமக்கும் நாலு எழுதிக் கொடேன் தம்பி" என்று தோளில் கை போட்டவர் அவர். போட்ட கையை அப்புறம் எடுக்கவேயில்லை. இவனும் எழுதிக்கொண்டே இருந்தான்.

மெட்டைத் தனகோட்டி வாயிலேயே சுமந்துகொண்டு பஸ்ஸில் வருவான். தானன்னா போட்டு நாலைந்து தரம் பாடிக்காட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடிவிடுவான். அது மறந்து தொலையாமலிருக்க அடைக்கலராஜ் ஒரு வழி வைத்திருந்தான். கடை வாசலில் போகிறவர் வருகிறவர் பேரையெல்லாம் மெட்டில் போட்டு முனகிக்கொண்டே பஞ்சர் ஒட்டுவான். அளவாக ஒரு பேர் உட்கார்ந்துவிட்டால் மெட்டு எங்கேயும் ஓடாது. பிறகு பேரைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வார்த்தையை வைப்பான்.

அறுபத்து மூன்றில் ஒரு சாவு மெட்டு வந்தது. படத்தில் தாய் சாகிற கட்டம். எதிர்ச்சாரியில் வேர்க்கடலை வறுத்து விற்கும் விருத்தாம்பாளின் பேர் அதில் அச்சாக உட்கார்ந்தது. 'விருத்தாம்பா போனாயே' என்று பொழுது சாயும்வரை முனகினான். பிறகு 'விளக்கேந்தி போனாயே' என்று மாற்றி அனுப்பினான். மறுநாள் முறத்தில் கடலையைப் புடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். ஒரு தும்மல்கூட வராத திடமான பொம்பளை. ஊரோடு சேர்ந்து அடைக்கலராஜும் அழுதான், வேறொன்றும் நினைக்கவில்லை.

அடுத்த சாவு மெட்டுக்கு, கோயில் மணியடிக்கிற தேவசகாயத்தின் பேர் அகப்பட்டது. பாட்டு பட்டணம் போய்ச் சேர்வதற்குள் தேவசகாயம் மணிக்கயிற்றைப் பிடித்தபடி செத்துக்கிடந்தார். அப்போதுதான் அவன் இரண்டு சாவையும் சேர்த்துவைத்துப் பார்த்தான்.

அந்த வாரமே, திரும்பி வராத ஒரு சைக்கிளைத் தேடிச் சிங்கவரம் போனான். உச்சி வெயில். கடலைக் கொல்லையில் களையெடுக்கிற பெண்கள் ரேடியோப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். தன் பாட்டுதான் என்று ஆசையாய் நின்று கேட்டான்.

'விருத்தாம்பா போனாயே...'

அவன் வாயைத் தாண்டி வெளியே போகாத பேர் அது. வரப்பில் இறங்கி ஓடினான்.

"இன்னாம்மா பாடறீங்க?"

"ரேடியோல வர்ற பாட்டுதாண்ணா. நீ கேட்டதில்லியா?"

"அது விளக்கேந்தின்னு இல்ல வரும்?"

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "நாங்களும் அதத்தான பாடறோம்" என்றாள் ஒருத்தி. "வெயில் தலைக்கு ஏறிடுச்சு போல. தண்ணி குடிச்சிட்டுப் போ."

அவன் முதுகைத் திருப்பியதும் மறுபடி பாடினார்கள். மறுபடி விருத்தாம்பாதான். ரோடு வரைக்கும் அந்தப் பேர் கூடவே வந்தது. உயிரோடு இருக்கிறவர் பேரைச் சொல்லி யாராவது ஒப்பாரி வைப்பார்களா? அவன் வைத்தான், அதுவும் பஞ்சர் ஒட்டிக்கொண்டே.

அதற்கப்புறம் சாவு மெட்டு வந்தால் தொடமாட்டேன் என்று தனகோட்டியிடம் சொல்லிவிட்டான். காதல் பாட்டு, குழந்தைப் பாட்டு மட்டும். ராயம்மாளிடம் காரணத்தைச் சொல்லவில்லை. பயந்துவிடுவாள் என்று மறைத்தான். மறைத்ததுதான் அவன் செய்த முட்டாள்தனம்.

அறுபத்தேழில் தனகோட்டி மூச்சிரைக்க வந்தான். "கவிஞருக்கும் கம்பெனிக்கும் சண்டையாயிடுச்சு. இந்தப் பாட்டு உன்னுதுதான். படம் ஓட ஆரம்பிச்சதும் திரையில உன் பேரு வரும்யா, உன் பேரு!"

"இன்னா பாட்டு?"

தனகோட்டி தலையைச் சொறிந்தான். "கடைசியில கதாநாயகன் செத்துப்போறான்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் இத்தனை வருஷம் பாட்டுப் புத்தகத்தில் அடுத்தவன் பேரைத் தடவிப் பார்த்தவன் அவன். எந்தப் பேரையும் போடாமல் எழுதிவிடலாம் என்று தனக்குத்தானே சத்தியம் பண்ணிக்கொண்டு ஒத்துக்கொண்டான்.

மெட்டு நிற்கவில்லை. மணி, பெடல், டியூப் என்று கடைச் சாமானையெல்லாம் போட்டுப் பார்த்தான், ஒன்றும் ஒட்டவில்லை. மறுநாளே நழுவ ஆரம்பித்துவிட்டது. முழுசாய்ப் போய்விடுமுன் ராயம்மாளிடம் பாடிக்காட்டி, மறக்காமல் பிடித்துவைக்கச் சொன்னான்.

"நீ தானன்னான்னே பாடிக்கினு இரு. நான் கடையத் தொறந்து வச்சிட்டு வந்துடறேன்."

சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பியபோது தெருமுனையிலேயே மெட்டு கேட்டது. ஒரு சுரம் பிசகவில்லை. சந்தோஷமாய்ப் படியேறினான்.

'அடைக்கலராசே போனாயே...'

அடுப்படியில் குழம்பைக் கிண்டியபடி ராயம்மாள் பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷன் பேரை ஒருதரம்கூட வாயால் சொல்லாதவள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லவைப்பாள். அவனைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தானன்னா நிக்கல மாமா. நீ கடைக்குப் போனத வச்சு உம் பேரப் போட்டன், அச்சா உக்காந்துகிச்சு. சினிமாவுலயே போடப் போறாங்க, நான் சொன்னா இன்னா?"

"எத்தினி தரம் பாடின?"

"காலைலருந்து பாடிக்கினுதான் இருக்கறன்."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்தான். திட்டத்தான் நினைத்தான். ஆனால் அவன் எழுதின எந்தப் பாட்டிலும் அவன் பேர் இருந்ததில்லை. அவள் வாயிலும் இருந்ததில்லை. இப்போது இரண்டிலும் ஒன்றாகக் கேட்டது, அழகாகவும் இருந்தது. அந்த அழகைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"கோவமா மாமா? தப்பா சொல்லிட்டனா?" என்று அவள் பதறினாள்.

"இல்ல" என்றான் அடைக்கலராஜ். "இன்னொரு தரம் பாடு."