மெத்தைக் கடைத் துரை

அந்த மெத்தைக் கடையில் எந்நேரமும் மதியம்தான். காலை பத்து மணிக்கு உள்ளே நுழைகிறவருக்கும் கொட்டாவி வந்துவிடும். வெள்ளை உறை போட்ட ஆறு கட்டில்கள், கூரைவரை அடுக்கிய தலையணைகள், எவ்வளவு பெருக்கினாலும் எங்கிருந்தோ வந்து மிதக்கும் பஞ்சுத் துணுக்குகள். சத்தத்தையெல்லாம் பஞ்சு விழுங்கிவிடும். அங்கே சண்டை போடுவதுகூடக் கஷ்டம். குரலை உயர்த்தினாலும் தாலாட்டு மாதிரியே கேட்கும்.

கடைக்காரரின் மனைவிக்கு மட்டும் தூக்கம் வராது. சிரிக்க வேண்டாம், வைத்தியர் வீட்டிலும் தலைவலி உண்டு. பின்னறையில் உட்கார்ந்து மெத்தை உறைகளுக்கு ஓரம் தைப்பவள் அவள்தான். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் தூக்கத்துக்கெல்லாம் ஓரம் அடித்துக் கொடுத்துவிட்டு, இரவில் கண்ணை மூடிக்கொண்டு சும்மா படுத்திருப்பாள். காலையில் கணவர், "நல்லாத் தூங்கினியா?" என்பார். "ம்" என்பாள். "என் வீட்டுக்காரி தங்கம். இதுவரைக்கும் இது வேணும், அது வேணும்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல" என்று வாடிக்கையாளர்களிடம் பெருமை அடித்துக்கொள்வார். அவரும் நல்ல மனுஷர்தான். கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தக் கடைக்குத் துரை வந்து சேர்ந்தான். துரை என்பது நாய். அவளுடைய அண்ணன் வளர்த்த நாய். அண்ணன் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். கேமராவைக் கண்டு அலறும் குழந்தைகளின் பக்கத்தில் துரையைப் படுக்க வைத்தால் அழுகை நின்றுவிடும். பிறகு அண்ணனுக்கு முழங்கால் தேய்ந்து, ஸ்டூடியோவை மூடிவிட்டு, மகளுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே நாய்க்கு இடமில்லை. "நீ பார்த்துக்கம்மா. அவன் சந்தோஷமா இருக்கணும், அவ்வளவுதான். உனக்குச் சரிப்படலேன்னா சொல்லிடு, என் பொண்ணோட சிநேகிதி ஒருத்தி பெரிய தோட்டம் வெச்சிருக்கா. அங்க குடுத்துடலாம்" என்று சொல்லி, கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

வந்த அன்றைக்கே துரை தன் இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டான். கடையின் முகப்பில், தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடிக்குள், ஒற்றைக் கட்டில் ஒன்று உண்டு. அதன்மேல் மூன்று பெரிய விளக்குகள், கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை எரியும். துரை விளக்கைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான், ஏறிப் படுத்து மோவாயைக் கால்மேல் வைத்துக்கொண்டான். அவ்வளவுதான், தெருவே நின்று பார்த்தது. "நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டுல வெச்சாலும் தெருவுக்குத்தான் போகும்பாங்க. இவன் பாரு, நடுக்கடையில வெச்சா நடுக்கடையிலேயே இருக்கான்!" என்று கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். அன்றிலிருந்து போகிறவர் வருகிறவரெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று, "குடுத்து வெச்ச நாய்" என்று பெருமூச்சு விட்டு, உள்ளே வந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணன் போன் செய்வார். ஒரே கேள்விதான். "துரை சந்தோஷமா இருக்கானா?"

"அமைதியா இருக்கான் அண்ணா."

அவர் கேட்டது வேறு, அவள் சொன்னது வேறு. அது இருவருக்கும் தெரியும். போனை வைத்த பிறகு அவளுக்கு நெஞ்சு கனத்துப்போகும். ஏனென்றால் அந்த எட்டு மாதத்தில் துரை ஒரு தடவைகூடக் குரைத்ததில்லை. சாப்பாடு கேட்டதில்லை. செருப்பைக் கடித்ததில்லை. பகலெல்லாம் படுத்தே கிடப்பவன், கடை அடைத்து மாடிக்குப் போனதும் நாலு வாய் தின்றுவிட்டு, பத்து மைல் நடந்து வந்தவன் மாதிரி மூலையில் சுருண்டு விழுவான். நாளெல்லாம் ஓய்வெடுத்தவனுக்கு ராத்திரி அப்படி என்ன அசதி? கணவரிடம் கேட்டாள். "சோம்பேறி. என் ஜாதி" என்றார் அவர்.

நாய் வைத்தியரிடமும் கூட்டிக்கொண்டு போனாள். வைத்தியர் இளம்பெண், நாலு வார்த்தை பேசினால் இரண்டு வார்த்தை நாயிடம் பேசுகிறவள். காதைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள்.

"உடம்புல ஒரு குறையும் இல்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன். இவன் உங்ககிட்ட வம்பு பண்ணுவானா? இது வேணும்னு அடம் பிடிப்பானா?"

"இல்லம்மா. அப்படி ஒரு சாது."

"அதான் யோசிக்கறேன். நிம்மதியா இருக்கற நாயும் சும்மா படுத்திருக்கும். மனசு விட்டுப்போன நாயும் சும்மா படுத்திருக்கும். தூரத்துலேர்ந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். எழுந்திருக்கறப்போ பாருங்க, அப்பத்தான் தெரியும்" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை கூடவே வந்தது. அந்தக் கண்ணாடிக் கட்டிலிலிருந்து துரை எழுந்து அவள் பார்த்ததேயில்லை. கடை அடைக்கும் நேரத்தில் அவள் மாடியில் அடுப்படியில் இருப்பாள். அண்ணனிடம் உண்மையைச் சொன்னால் தோட்டத்துக்குப் போய்விடுவான். சொல்லாவிட்டால் இங்கேயே இருப்பான், ஆனால் எப்படி இருப்பான்? அவன் இல்லாத பின்னறையை அவளால் நினைக்கவே முடியவில்லை. கதவு வழியாகத் தெரியும் அந்தப் பழுப்பு முதுகுதான் அவளுக்குப் பகல் முழுவதும் துணை. தனக்காக அவனை வைத்துக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றியதும் வெட்கமாக இருந்தது.

அன்று மதியம் தையல் மெஷினில் தலை சாய்ந்துவிட்டது. கனவா நினைப்பா என்று தெரியாத ஒன்று. கட்டில்களெல்லாம் தரையை விட்டு ஒரு முழம் மேலே மெதுவாக மிதக்கின்றன. கண்ணாடிக்குள் இருக்கும் ஒற்றைக் கட்டிலில் துரை இல்லை, அவள் படுத்திருக்கிறாள். வெளியே தெருவெல்லாம் ஜனம். "எவ்வளவு அமைதி பாரு, குடுத்து வெச்சவ" என்கிறார்கள். எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லையே என்று காத்துக்கொண்டே கிடக்கிறாள்.

கண் விழித்தபோது கடை விசித்திரமாக நிசப்தமாக இருந்தது. மின்விசிறி நின்றிருந்தது. விளக்குகள் அணைந்திருந்தன. மின்சாரம் போய்விட்டது, எட்டு மாதத்தில் பகலில் அப்படிப் போனது அதுதான் முதல் தடவை. தெருவின் வெளிச்சம் மட்டும் கண்ணாடி வழியாகப் பால்போல உள்ளே பரவியிருந்தது. ஒரு புதுமணத் தம்பதி மூன்றாவது கட்டிலில் அளவு பார்க்கப் படுத்திருந்தார்கள்.

துரை தலையைத் தூக்கினான். மூன்று விளக்குகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு எழுந்தான்.

மூக்கிலிருந்து வால்வரை உடம்பை ஓர் உதறு உதறினான். முன்னங்காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, வாயை அகலத் திறந்து சோம்பல் முறித்தான். குதித்தான். முதல் கட்டிலில் ஏறி இரண்டாவதுக்குத் தாவி, தம்பதியின் காலுக்கு மேல் பறந்து, நாலாவதில் புரண்டு, ஒரு தலையணையைக் கவ்விக்கொண்டு கடையை மூன்று சுற்றுச் சுற்றினான். தலையணை கிழிந்து பஞ்சு பனிபோல எழும்பியது. "சாது மிரண்டால் காடு கொள்ளாதுன்னு சும்மாவா சொன்னாங்க, பிடிங்க அவனை!" என்று கடைக்காரர் கத்தினார். மிரளவில்லை, அவன் சிரித்துக்கொண்டிருந்தான். நேராகப் பின்னறைக்கு ஓடிவந்து, அவள் முன்னால் நெஞ்சைத் தரையில் தாழ்த்தி, வாலை ஆட்டி, 'வா விளையாடலாம்' என்பது போலக் குரைத்தான். அவனுக்கு அப்படி ஒரு கனத்த குரல் இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்போது மின்சாரம் வந்தது. விளக்குகள் எரிந்தன.

துரையின் வால் நின்றது. கிழிந்த தலையணையை அங்கேயே விட்டான். மூக்கில் ஒட்டிய பஞ்சோடு திரும்பி நடந்து, கண்ணாடிக்குள் ஏறி, மோவாயைக் கால்மேல் வைத்துப் படுத்துக்கொண்டான்.

அவள் எழுந்து போய் விளக்குகளை அணைத்தாள். அவன் எழுந்தான். போட்டாள். படுத்தான். மறுபடி அணைத்தாள், வாலை ஆட்டிக்கொண்டு இறங்கி வந்தான். மறுபடி போட அவளுக்குக் கை வரவில்லை. தேம்பி அழுதுவிட்டாள், வாடிக்கையாளர் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல்.

அன்றைக்கு ஞாயிறு இல்லை. இருந்தாலும் அண்ணனுக்குப் போன் செய்தாள். "ஸ்டூடியோல லைட்டைப் பார்த்தா துரை என்ன பண்ணுவான் அண்ணா?"

"என்ன பண்ணுவான், படுப்பான். லைட்டுப் போட்டா வேலை, அணைச்சா விளையாட்டு. நான் ஒண்ணும் பழக்கலம்மா, அவனாவே புரிஞ்சுக்கிட்டான். ஒரு போட்டோவுக்கு என்ன, பத்து நிமிஷம். ஏன் கேக்கற?"

சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. "அவன் சந்தோஷமா இல்ல அண்ணா. எட்டு மாசமா ஓயாம வேலை பார்த்துட்டு இருந்திருக்கான். யாராவது போதும்னு சொல்லுவாங்கன்னு காத்துட்டு இருந்திருக்கான்."

அவர் மெல்ல, "தோட்டத்துக்குச் சொல்லட்டுமா?" என்றார்.

"ஒரு மாசம் குடு அண்ணா. எனக்கு அவன் வேணும்" என்றாள். 'வேணும்' என்ற சொல் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளே ஒரு கணம் மிரண்டாள். கல்லாவில் இருந்த கணவரும் நிமிர்ந்து பார்த்தார்.

போனை வைத்துவிட்டு அவரிடம் போனாள். "ஏங்க, பகல்ல அந்த மூணு லைட்டும் எரியக் கூடாது."

"கண்ணாடி இருட்டா இருந்தா எவன் உள்ள வருவான்? அவனைப் பார்த்துத்தானே வர்றாங்க. என்ன இது, கேக்கறியா, சொல்றியா?"

"சொல்றேன்."

தலையணை மந்திரம் என்று ஊரில் கேலி செய்வார்கள். பட்டப்பகலில், ஆறு கட்டில் நடுவில், நின்றுகொண்டே ஓதப்பட்ட மந்திரம் அது ஒன்றாகத்தான் இருக்கும். கடைக்காரர் தலையாட்டினார்.

அவளும் அவரை அம்போ என்று விட்டுவிடவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, மீந்துபோன பழுப்பு உறைத்துணியில் ஒரு நாய் தைத்தாள். பஞ்சு அடைத்து, மோவாயைக் கால்மேல் வைத்து, கண்ணாடிக்குள் படுக்க வைத்தாள். தெரு வழக்கம்போல நின்று பார்த்தது, "குடுத்து வெச்ச நாய்" என்றது. பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியவில்லை. மாலை இருட்டியதும் விளக்குப் போடும் நேரத்துக்குத் துரையும் அவளும் நடக்கப் போய்விடுவார்கள்.

அந்த ஒரு மாதத்தில் துரை ஏழு தலையணையும் கடைக்காரரின் ஒரு செருப்பும் தின்றான். சாப்பாடு ஐந்து நிமிஷம் தாமதமானால் தட்டைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் காலடியில் போட்டான். மதியத்தில் அவள் மெஷினுக்குப் பக்கத்தில் மல்லாந்து, வாயைப் பிளந்து, நாலு காலும் நாலு திசையில் கிடக்கத் தூங்கினான். பார்க்கச் சகிக்காது. அதைப் பார்த்து யாரும் மெத்தை வாங்க மாட்டார்கள். அவளுக்கோ அந்தக் குறட்டையைக் கேட்டால் கண் சொக்கும். பல நாள் அவளும் மெஷின்மேல் சாய்ந்து அரைமணி நேரம் அசந்துவிடுவாள்.

மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வானம் மூடிக்கொண்டிருந்தது. கூட்டம் அதிகம் என்று அவள் முன்பக்கம் வந்து, நடுக்கட்டிலில் உட்கார்ந்து உறை மாற்றிக்கொண்டிருந்தாள். துரை அவள் காலடியில், தரையில், வழிமறித்துத் தூங்கினான். இருட்டாக இருக்கிறதே என்று கணவர் பழக்கதோஷத்தில் கைநீட்டி மூன்று விளக்கையும் போட்டுவிட்டார். போட்ட பிறகுதான் நினைவு வந்தது. "ஐயையோ" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வெளிச்சம் நேராகத் துரையின் முகத்தில் விழுந்தது. அவன் ஒரு கண்ணைத் திறந்தான். விளக்கைப் பார்த்தான். கண்ணாடிக்குள் துணி நாய்க்குப் பக்கத்தில் காலியாக இருந்த பாதிக் கட்டிலைப் பார்த்தான். அவன் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டு, ஒரு முன்னங்காலைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டு, மறுபக்கம் புரண்டான். சற்று நேரத்தில் குறட்டை ஆரம்பித்தது.

போன் அடித்தது. அண்ணன்தான்.

"என்னம்மா, துரை..." என்று ஆரம்பித்தார். கேள்வியை முடிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது.

அவள் குனிந்து போனைத் துரையின் வாயருகே பிடித்தாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"லைட்டு அணைஞ்சிருக்கா?" என்றார் கடைசியில்.

"இல்ல அண்ணா" என்றாள் அவள். "மூணும் எரியுது."