நேரம் இருப்பின் ஒரு பாடல்

சொர்ணவல்லிக்குத் தபாலில் வந்த பாராட்டு விழா அழைப்பிதழில் இருபத்தொரு நிகழ்ச்சிகள் அச்சாகியிருந்தன. சாலிகிராமத்து வீட்டில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து வரிவரியாகக் கீழே இறங்கினாள். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலையுரை, நோக்கவுரை, சிறப்புரை, பேருரை. அதற்கப்புறம் வரிசையாகப் பத்து வாழ்த்துரை. விரல் தேய்ந்துபோகிற சமயத்தில் பத்தொன்பதாவதாக அவள் வந்தாள்: "விழா நாயகியின் ஏற்புரை மற்றும் பாடல்." பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், எறும்பு சைஸில், "நேரம் இருப்பின்."

எறும்பை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாடல் என்று போட்டிருக்கிறார்கள், அது போதும். பதினோரு வருஷமாக அவளை ஒருவரும் பாடச் சொல்லிக் கேட்டதில்லை. இப்போது கேட்டிருப்பது பிறந்த ஊர்.

பொன்னமராவதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்து, பதினேழு வயதில் நாடகக் கம்பெனிக்காரர்களோடு பஸ் ஏறியவள் அவள். சினிமாவில் அவளுக்கு வாய்த்தது அபூர்வமான இடம். திரையில் வாயசைப்பதும் அவள், பாடுவதும் அவள். ஒன்பது படம் அப்படி ஓடியது. அதில் ஒன்று கொக்குப் பாட்டு. கோயில் திருவிழாவோ காதுகுத்தோ, குழாய் ரேடியோ கட்டினால் பிள்ளையார் பாட்டுக்கு அடுத்து அதுதான் என்றிருந்த காலம் உண்டு. பிறகு முகம் அக்காவானது, அண்ணியானது. இசையமைப்பாளர்கள், அவங்க நடிக்கப் போயிட்டாங்களே என்றார்கள். டைரக்டர்கள், அவங்க பாடகியாச்சே என்றார்கள். இரண்டு தரப்பும் மரியாதையாகச் சொன்னதால் சண்டை போடவும் வழியில்லை. கடைசியில் டி.வி. கைகொடுத்தது. நாலு வருஷமாக அகிலாண்டம் என்கிற மாமியாராக வந்து, நல்ல குடும்பத்துப் பெண் ஒருத்தியைப் படாதபாடு படுத்திக்கொண்டிருக்கிறாள்.

கொக்குப் பாட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பல்லவியின் இரண்டாம் அடியில் 'கண்ணுல' என்கிற சொல் நடுவில் உடைந்து, ஒரு சின்ன இழுப்புக்குப் பின்தான் ஒட்டும். அந்த இழுப்பைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. விம்மலையே சங்கதியாக்கிய மேதை என்றார் ஒரு விமர்சகர். உண்மை என்னவென்றால், அன்று காலை ஸ்டுடியோ கேண்டீனில் அவள் நாலு பூரி சாப்பிட்டிருந்தாள். மூச்சு எட்டவில்லை. இன்னொரு டேக் எடுக்கலாம் என்று கெஞ்சினாள். வயலின்காரர்களுக்கு வேறு ஸ்டுடியோவில் வேலை இருந்தது. பிற்பாடு ஒரு பாகவதரிடம் முறையாகப் பாடம் கேட்டபோது, முதல் காரியமாக அந்த ஓட்டையைத்தான் அடைத்தாள். அதற்கப்புறம் எந்த மேடையிலும் அந்த அடியை ஒரே மூச்சில்தான் பாடினாள்.

விழாவுக்காக இரண்டு வாரம் தயிர் கிடையாது, ஐஸ் தண்ணீர் கிடையாது. விடிந்ததும் ஸ்ருதிப் பெட்டியோடு மொட்டை மாடிக்குப் போனாள். ஐந்தரைக் கட்டையில் தொடங்கிய குரல் அறுபத்தேழு வயதுக்கு மரியாதை கொடுத்து இறங்கி இறங்கி, மூன்றில் வந்து உட்கார்ந்தது. அங்கே வைத்துப் பாடினால் அந்த அடி ஒரே மூச்சில் முடிந்தது.

பொன்னமராவதிக் கல்யாண மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர் இரண்டு மாடி உயரத்துக்கு நின்றது. அதில் விழா நடத்துகிற கலைப் பேரவையின் தலைவர் உதயசூரியன் கைகூப்பிக்கொண்டிருந்தார். செங்கல் சூளை வைத்திருப்பவர். இரண்டு வருஷமாகக் கலையும் வளர்க்கிறார். அவரைச் சுற்றிப் பொறுப்பாளர்கள் பதினெட்டுப் பேர் செல்போனில் பேசியபடி கலை வளர்த்தார்கள். கீழே இடது மூலையில், மிச்சமிருந்த இடத்தில் சொர்ணவல்லி. இன்டர்நெட்டில் தேடி எடுத்த படம் போலிருக்கிறது. நெற்றி நிறையப் பொட்டும் தூக்கிய புருவமுமாக, மருமகளை வீட்டைவிட்டுத் துரத்துகிற நாளின் அகிலாண்டம். அதன் கீழே 'கானக் கருவூலமே வருக' என்று எழுதியிருந்தது.

பத்தரைக்குத் தொடங்க வேண்டிய விழா பதினொன்றே காலுக்குத் தொடங்கியது. இரண்டு மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும், சாயங்காலம் அங்கே ஒரு கல்யாண ரிசப்ஷன் என்று வரவேற்புரையிலேயே சொன்னார்கள். அதைச் சொல்லவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். பேச வந்த ஒவ்வொருவரும் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார்கள். தலைமையுரையில் உதயசூரியன் தன் சூளையின் முதல் செங்கல்லில் தொடங்கி, மகளின் இன்ஜினியரிங் சீட்டு வரைக்கும் வந்து நிறுத்தினார். கலைக்கும் தனக்கும் உள்ள உறவை ஒருவர் விளக்கினார். தனக்கும் உதயசூரியனுக்கும் உள்ள உறவை மற்றொருவர் விளக்கினார். ஒரு பாட்டின் பெயரையாவது யாராவது சொல்வார்களா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். ஒருவரும் சொல்லவில்லை.

இடையிடையே பொன்னாடை. போர்த்தியவர் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கியதும் ஒரு தொண்டர் வந்து, பத்திரமா வைக்கிறோம்மா என்று சொல்லி வாங்கிக்கொண்டு போவார். அடுத்தவர் கையில் அது புதிதாக மடித்து வரும். மொத்தம் மூன்று பொன்னாடைகள்தான். சிவப்பு ஒன்றின் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருந்தது. ஆறாம் தடவை அது தோளில் ஏறியபோது, பழகிய மனுஷியைப் பார்ப்பதுபோல அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒன்றரைக்கு எட்டாவது வாழ்த்துரை நடந்துகொண்டிருந்தது. சொர்ணவல்லி உதயசூரியன் பக்கம் சாய்ந்து, பாட்டு உண்டல்லவா என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒங்க பாட்டு இல்லாமயாங்கம்மா? அதுக்குத்தானே விழாவே," என்றார் அவர், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி. "நேரம் மட்டும் கெடைக்கட்டும்."

தொண்டை வறண்டிருந்தது. பாடப் போகிறவளுக்கு ஐஸ் வாட்டர் பாட்டிலைத்தான் வைத்திருந்தார்கள். அவள் ஸ்ருதிப் பெட்டி இருந்த பையை எடுத்துக்கொண்டு எழுந்து மேடைக்குப் பின்னாலிருந்த படியில் இறங்கிச் சமையல் கட்டுக்குப் போனாள். மேடையில் யாரும் கவனிக்கவில்லை. அவளைப் பாராட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சமையல் கட்டில் சாயங்கால விருந்துக்கு ஆறு பெண்கள் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் அண்டா நிறைய வெந்நீர். கொஞ்சம் சுடுதண்ணீர் கிடைக்குமா என்று கேட்டாள். ஆறு கத்திகளும் நின்றன.

நடுவில் இருந்தவள் மருதாயி. அறுபது வயது இருக்கும். சொர்ணவல்லியை உச்சி முதல் கால் வரை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தண்ணி கெடக்கு. குடுக்குறதாங்கிறதுதான் ரோசனை."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க?"

"மாசமா இருக்குற புள்ள எறங்குற படியில எண்ணெய ஊத்திப்புட்டு, ஒனக்கு மட்டும் தொண்ட காயுதோ?"

போன வியாழக்கிழமை எபிசோட். சொர்ணவல்லி குற்றத்தை மறுக்கவில்லை. "நானா ஊத்தலம்மா. டைரக்டர் ஊத்தச் சொன்னாரு."

"அவன் சொன்னா ஊத்திருவியா? ஒனக்குன்னு ஒரு புத்தி வேணாமா?"

ஐம்பது வருஷத் தொழிலில் இவ்வளவு நேராக யாரும் அவளை விமர்சித்ததில்லை. பக்கத்திலிருந்த பொற்கொடி என்கிற இளம்பெண்தான் எழுந்து வந்து, விடுங்க சின்னாத்தா, டி.வி.யில செய்யிறதுதானே என்று ஒரு டம்ளரில் வெந்நீர் மொண்டு கொடுத்தாள். அந்தப் புள்ளைக்கு என்ன ஆகும் என்று மருதாயி விடாமல் கேட்டாள். கதையை வெளியில் சொல்லக் கூடாது என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்த சொர்ணவல்லி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவளுக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த வாரம் அந்தப் படியில் வழுக்கி விழப்போவது தானேதான் என்று சொல்லிவிட்டாள். மருதாயிக்கு மனசு குளிர்ந்தது. ஒரு முக்காலியைக் காலால் தள்ளி, உட்காருங்க என்றாள்.

இரண்டு மடக்குக் குடித்திருப்பாள். ஹாலில் இருந்த ஒலிபெருக்கி சமையல் கட்டுக்கும் கேட்கும்படி கனைத்தது. நேரமின்மை கருதி, விழா நாயகியின் ஏற்புரையையும் பாடலையும் அன்னாரின் மௌனமே நிகழ்த்தியதாக ஏற்றுக்கொண்டு, மீதமுள்ள வாழ்த்துரைகளுக்குப் பின் நேரடியாக நன்றியுரைக்குச் செல்வதாகத் தொகுப்பாளர் அறிவித்தார். கைதட்டல் கேட்டது.

வாழ்த்துரைகளைக் குறைக்க யாருக்கும் தோன்றவில்லை. சொர்ணவல்லி டம்ளரைத் தரையில் வைத்தாள். மடியில் கிடந்த பைக்குள் ஸ்ருதிப் பெட்டி கனத்தது.

"அங்கிட்டு யாருக்குங்க பாராட்டு?" என்றாள் பொற்கொடி.

"எனக்குத்தான்."

"எதுக்கு?"

"பாடுனதுக்கு."

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அகிலாண்டம் பாடுமா? பொற்கொடிதான் கடைசியில், "நெசமாவா? எங்க, ஒண்ணு பாடுங்க, கேப்போம்," என்றாள்.

பதினோரு வருஷம் கழித்து அந்தக் கேள்வி இவ்வளவு சாதாரணமாக வரும் என்று சொர்ணவல்லி எதிர்பார்க்கவில்லை. கை தானாகப் பைக்குள் போனது. பெட்டியைத் தட்டி மூன்று கட்டையில் வைத்து, முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

*கம்மாயில தண்ணியில்ல வெள்ளக் கொக்கே – எங்*
*கண்ணுல கொஞ்சம் இருக்கு, குடிச்சுப் போ கொக்கே*

குரலில் ஓரம் தேய்ந்திருந்தது. மேலே போகும்போது கொஞ்சம் நடுங்கியது. ஆனால் இரண்டாம் அடி ஒரே மூச்சில், பிசிறில்லாமல், பாகவதர் சொல்லிக் கொடுத்தபடி முடிந்தது. பல்லவியை இரண்டு தடவை பாடி நிறுத்தினாள். எல்லார் கண்ணிலும் தண்ணீர். வெங்காயமா பாட்டா என்று அவள் விசாரிக்கவில்லை.

மருதாயி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "இந்தப் பாட்டா? கடலை ஆயிறப்ப எங்களுக்கு இந்தப் பாட்டுத்தான். இதப் பாடுன பொம்பள பாவம், செத்துப்போச்சுல்ல."

சொர்ணவல்லிக்கு ஒரு கணம் தன் சாவுச் செய்தி முழுதாகப் புரியவில்லை. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லணுமாக்கும்? உசுரோட இருந்தா அதுக்கப்பறம் பாடாமயா இருக்கும்? அப்புடியாப்பட்ட கொரலு."

அந்தப் பொம்பளை நான்தான் என்று வாய் வரைக்கும் வந்தது. வாசலில் ஃப்ளெக்ஸ் சாட்சிக்கு நிற்கிறது. ஆனால் அதில் இருப்பது அகிலாண்டம். கொக்குப் பாட்டுக்காரிதான் படியில் எண்ணெய் ஊற்றினாள் என்று தெரிந்தால் மருதாயிக்கு அந்தப் பாட்டே கசந்துபோகும். செத்தவளாவது நல்ல பேரோடு இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

"நீங்களும் நல்லாத்தான் பாடுறீங்க," என்றாள் மருதாயி, பெரிய மனசோடு. "ஆனா ஒரு எடத்துல தப்பு. கண்ணுலன்னு வழவழன்னு போயிறக் கூடாது. அங்கன அந்தப் பொம்பள ஒடஞ்சு எந்திரிக்கும். இந்தா, இப்புடி." கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பாடிக் காட்டினாள். 'கண்' என்று நின்று, ஒரு இழுப்பு இழுத்து, 'ணுல' என்று சேர்ந்தாள். கட்டாந்தரையில் தேய்த்ததுபோன்ற குரல். ஆனால் நாலு பூரியும் அப்படியே அதில் இருந்தன. எந்த இடத்தில் மூச்சு போனது, எவ்வளவு நேரம் கழித்து வந்தது, எல்லாம் அச்சாக.

அப்போதுதான் உதயசூரியன் வியர்க்க விறுவிறுக்கச் சமையல் கட்டு வாசலில் வந்து நின்றார். நன்றியுரை முடிந்துவிட்டதாகவும், குரூப் போட்டோவுக்கு எல்லாரும் நிற்பதாகவும், நடுவில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருப்பது படத்தில் நன்றாக இருக்காது என்றும் சொன்னார்.

மருதாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாட்டு நடக்குதுல்ல? செருப்ப அங்கிட்டு விட்டுட்டு நில்லுங்க, வெங்காயத்த மிதிச்சிராம."

அன்று முழுக்க மைக்கோடு நின்றவர், மைக் இல்லாத ஓர் இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பைக் கழற்றினார்.

சொர்ணவல்லி மறுபடி தொடங்கினாள். இரண்டாம் அடிக்கு வந்தபோது அடைத்து வைத்திருந்த ஓட்டையைத் திறந்துவிட்டாள். இந்தத் தடவை பூரி தேவைப்படவில்லை. முதல் தடவை பாடியதிலேயே நெஞ்சு களைத்திருந்தது. மூச்சு தன்னால் உடைந்தது, தன்னால் எழுந்து வந்து சேர்ந்தது. பொற்கொடி கையில் பாதி உரித்த வெங்காயம் அப்படியே இருந்தது.

மருதாயி மெல்லத் தலையாட்டினாள்.

"இப்ப வருது. அந்தப் பொம்பள மாதிரி வராது. ஆனா கிட்டக்க வந்துட்டீங்க."

"வராதுதான்," என்றாள் சொர்ணவல்லி. அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. "சரணமும் இருக்கு. பாடட்டுமா? நேரம் இருக்கா?"

மருதாயி கத்தியை எடுத்துக்கொண்டே பின்னால் கிடந்த கூடைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு கூடை கெடக்கு. நிதானமாப் பாடுங்க."