பை வைத்த சீட்

செபஸ்தியன் எழுந்தான். கேத்தலில் தண்ணீர் வைத்தான். இரண்டு கோப்பை எடுத்து ஒன்றைத் திரும்ப வைத்தான். முகம் மழித்தான். வெறுந்தேநீர் குடித்தான். கதவைப் பூட்டினான். மோட்டார் சைக்கிளை எடுக்காமல் உக்குவளைச் சந்திக்கு நடந்தான். இன்றைக்கு வேலையாட்களின் பஸ்ஸில் போவதாக இருந்தான்.

தையல் தொழிற்சாலையில் அவன் ஆளணி முகாமையாளர். அவன் மனைவி டொறீன், மாசியில் காய்ச்சலில் சாகும்வரை, உற்பத்தி முகாமையாளர். சண்டை வந்தால் அவன் எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பான். சத்தம் அடங்கும், சண்டை அடங்காது. டொறீன் ஒருவருக்கும் கடிதம் கொடுத்ததில்லை. "பொம்பிளை நிர்வாகம்" என்பார் பொது முகாமையாளர் மகேந்திரராஜா. இளகிப்போகிறாளாம்.

அவள் இளகி யாரும் பார்த்ததில்லை. போன வருஷம் எங்கோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. மறுநாளே வேலையாட்களின் பஸ்ஸில் சிங்களப் பிள்ளைகள் பக்கத்து சீட்டுகளில் கைப்பைகளை வைத்துக்கொண்டார்கள். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடமில்லை. அவர்களுக்குத் தனி வேன் போடலாம் என்றார் மகேந்திரராஜா. அந்த வேனைச் சோதனைச் சாவடியில் மத்தியானம்வரை மறித்து வைப்பார்கள், பிறகு இவர்களுக்கு வேலை எங்கே மிஞ்சும் என்று டொறீன் மறுத்துவிட்டாள்.

அடுத்த காலை அவளே பஸ்ஸில் ஏறி நின்றாள். மெடம் நிற்கும்போது யாரால் உட்கார்ந்திருக்க முடியும்? ஒருத்தி பையை எடுத்து இடம் கொடுத்தாள். டொறீன் அதில் தோட்டத்து அந்தோனியம்மாவை உட்காரவைத்துவிட்டு, அடுத்த சீட்டருகே போய் நின்றாள். அங்கும் பை எழும்பியது. தொழிற்சாலை வாசல்வரை நின்றபடியே வந்தாள். ஒருவரையும் கண்டிக்கவில்லை. கிழமை முடியுமுன் பைகளெல்லாம் மடிக்குப் போய்விட்டன.

இப்போது மறுபடி குண்டு, மறுபடி பைகள். நேற்று தோட்டத்துப் பிள்ளைகள் சந்தியோடு திரும்பிவிட்டார்கள். இன்றும் வராவிட்டால் பெயரை வெட்டச் சொல்லியிருந்தார் மகேந்திரராஜா.

சந்தியில் அந்தோனியம்மாவும் மற்றவர்களும் ஒதுங்கி நின்றார்கள். தன் பின்னால் ஏறச் சொல்லிவிட்டு செபஸ்தியன் ஏறினான்.

"சேர், வாடிவென்ன." முன்சீட்டுச் சிங்களப் பிள்ளை அவனை உட்காரச் சொல்லி, பையை மடியில் எடுத்துக்கொண்டு இடம் காட்டினாள். அவன் அந்தோனியம்மாவுக்குக் கைகாட்டினான்.

"அப்ப நீங்க, சேர்?"

"நீ உக்காரு."

அடுத்த சீட்டுக்கு நகர்ந்து கம்பியைப் பிடித்தான். அங்கிருந்தவள் அவனைப் பார்த்தாள், வெளியே பார்த்தாள். பிறகு பையை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வார்டில் கதிரை இல்லை. டொறீன் கண் திறந்து, அவனைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுச் சொன்னதுதான் கடைசி.

"எவ்வளவு நேரந்தான் நிப்பீங்க? எங்கயாச்சும் உக்காருங்க."